மான்ஸ்டெரா வளர்ப்பு: வாங்கிய நாள் முதல் போத்து வைப்பது வரை

மான்ஸ்டெரா வாங்கி ஆறு மாதத்தில் இழந்தவர்கள் யார் வந்தாலும் நான் கேட்பது ஒரே கேள்விதான். வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரம் என்ன செய்தீர்கள்? பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: அன்றைக்கே பெரிய தொட்டிக்கு மாற்றினேன், நிறையத் தண்ணீர் ஊற்றினேன், கொஞ்சம் உரமும் போட்டேன்.

மூன்றுமே செடிக்கு என்றைக்காவது தேவைப்படும் வேலைகள்தான். வரிசைதான் தப்பு. என் முதல் செடியும் இப்படித்தான் போனது.

முதலில் வெளிச்சம், அப்புறம் தண்ணீர், பிறகு மண்ணும் தொட்டியும், கடைசியில் உரம். வெளிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான் இலை உணவு தயாரிக்கும். இலை வேலை செய்யும் அளவுக்குத்தான் வேர் தண்ணீர் இழுக்கும். அடிப்படையான வெளிச்சம் சரியில்லாமல் மற்றதைச் சரிசெய்ய முடியாது.

இங்கே நான் சொல்வது பெரிய, கிழிந்த இலை கொண்ட மான்ஸ்டெரா டெலிசியோசாவைப் பற்றி. ஃபிலோடென்ட்ரான், மணி பிளான்ட் போன்ற நெருங்கிய உறவுகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

அடியில் துளை உள்ள தொட்டி, அதற்கொரு தட்டு, ஒரு நீளமான மரக்குச்சி, மென்மையான பருத்தித் துணி, கூரான கத்தரி, அதைத் துடைக்க ஸ்பிரிட், கையுறை. மண்கலவைப் பொருள்களையும் செடி பற்றி ஏறும் கம்பத்தையும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதல் நாளே எல்லாம் கையில் இருந்தால் உடனே தொட்டி மாற்றத்தான் கை துறுதுறுக்கும்.

ஒரு எச்சரிக்கை. இது சேம்புக் குடும்பச் செடி. இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. குழந்தையோ பூனையோ நாயோ கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். வெட்டும்போது வழியும் சாறும் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும். அதனால்தான் கையுறை. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், செடியை வாங்குமுன்பே எட்டாத இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

2. இடத்தை முடிவு செய்தல்

"அறையில் நல்ல வெளிச்சம் இருக்கிறதே" என்பார்கள். நம் கண் மங்கலான இடத்துக்கும் தன்னைப் பழக்கிக்கொள்ளும், இலையால் அது முடியாது. ஜன்னலை விட்டு இரண்டு மூன்று மீட்டர் தள்ளினாலே வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடும். நமக்கு அது தெரிவதே இல்லை.

அதனால் கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். நண்பகல் வேளையில், செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓர் அடி மேலே உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாக, ஓரம் மட்டும் கொஞ்சம் கலங்கித் தெரியும் நிழல் விழுந்தால் அதுதான் சரியான இடம். கத்தியால் வெட்டியது போன்ற கூர்மையான கரு நிழல் என்றால் வெயில் அதிகம். கை இருப்பதே தெரியாத வெறும் மங்கல் என்றால், அங்கே செடி உயிரோடு இருக்கும், ஆனால் வளராது.

காலை இளவெயில் ஒன்றிரண்டு மணிநேரம் பட்டால் நல்லதே. நண்பகல், பிற்பகல் வெயில் கண்ணாடி வழியாக நேரே விழுந்தால் இலை வெளுத்து, பிறகு காகிதம் போலக் காய்ந்த திட்டுகள் வரும். அந்தத் திட்டு மறுபடி பச்சையாகாது. மெல்லிய திரை போட்டால் போதும், இடத்தை மாற்ற வேண்டியதில்லை.

ஜன்னலே சரியில்லாத வீட்டில் செடிவிளக்கு ஒன்றை ஒரு நாளைக்கு 10 முதல் 12 மணிநேரம் எரியவிடலாம். விளக்கு செடிக்கு நேர் மேலே இருக்கட்டும். பக்கவாட்டில் வைத்தால் செடி அந்தப் பக்கமே சாயும்.

வெப்பநிலை 18 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இதற்குச் சுகம். 12 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுபோகும். ஏசி காற்றோ ஹீட்டர் காற்றோ நேரே அடிக்கும் இடம் வேண்டாம்.

"இலையில் ஏன் ஓட்டை வரவில்லை?" என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான். இளஞ்செடியின் இலைகள் முழுசாக, இதய வடிவில்தான் வரும். செடிக்கு வயதும் வெளிச்சமும் கூடும்போது புதிய இலைகளில் பிளவும் ஓட்டையும் வரும். ஏற்கெனவே விரிந்துவிட்ட இலையில் பிறகு ஓட்டை விழாது. ஓட்டை வர உரம் போடுகிறேன் என்று ஆரம்பிப்பவர்கள் முதலில் தொட்டியை ஜன்னலுக்கு அருகே நகர்த்துங்கள்.

3. முதல் இரண்டு வாரம்: பார்ப்பது மட்டும்

வளர்ப்புக் கூடத்தின் ஈரமான காற்றிலும் பரவலான வெளிச்சத்திலும் இருந்த செடி உங்கள் வீட்டுக்குப் பழக வேண்டும். அந்த நேரத்தில் வேரையும் கலைத்தால் இரட்டை அடி. அடியில் உள்ள ஒன்றிரண்டு இலைகள் மஞ்சளாவது சகஜம். பதற வேண்டாம்.

மற்ற செடிகளோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியே வையுங்கள். கைபேசி விளக்கை இலைக்கு அடியில் சாய்வாகப் பிடித்து, நடு நரம்பு ஓரமாக மெதுவாக நகர்த்திக்கொண்டே போங்கள். வெள்ளிபோல் மின்னும் கீறல், அதன்மேல் மிளகுப்பொடி தூவியது போன்ற கரும்புள்ளிகள் தெரிந்தால் இலைப்பேன். காம்பும் தண்டும் சேரும் இடுக்கில் பஞ்சு போல ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. மெல்லிய வலையும் இலைமேல் ஊசிமுனைப் புள்ளிகளும் இருந்தால் சிவப்புச் சிலந்தி. காம்பு இடுக்குகளை யாரும் பார்ப்பதில்லை, பூச்சிக்கு அது தெரியும்.

பூச்சி இருந்தால் முதலில் தண்ணீரைப் பீச்சி இலைகளை இருபுறமும் கழுவுங்கள். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு திரவ சோப்பு கலந்து, வெயில் படாத மாலை நேரத்தில் இலையின் இரு பக்கமும் தெளியுங்கள். சோப்பு இல்லாமல் எண்ணெய் தண்ணீரில் கலக்காது. திட்டுத்திட்டாக விழுந்து இலையைச் சுடும்.

7 நாளுக்கு ஒருமுறையாக நான்கு தடவை செய்ய வேண்டும். இலைப்பேன் முட்டையை இலைத் திசுவுக்குள்ளேயே வைக்கும், தெளித்த மருந்து அங்கே போகாது. அது பொரிந்து வெளியே வரும்போது அடுத்த தெளிப்பு காத்திருக்க வேண்டும். ஒருமுறை தெளித்து, பூச்சி போய்விட்டது என்று நிறுத்துபவர்கள்தான் மூன்றாவது வாரம் திரும்ப வருகிறார்கள்.

4. தண்ணீர்

தப்பு அதிகம் நடக்கும் இடம் இது என்பதால் கொஞ்சம் நின்றே பேசுவோம்.

"வாரத்துக்கு எத்தனை தடவை?" என்று கேட்காதீர்கள். வெளிச்சம், தொட்டியின் அளவு, கலவை, காற்றின் ஈரம் எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கும். என் வீட்டிலேயே ஜன்னலோரச் செடி 6 நாளில் காயும், அதே அளவுத் தொட்டி சுவரோரம் இருந்தால் 12 நாளாகும்.

மரக்குச்சியைத் தொட்டியின் ஓரமாக, பாதி ஆழத்துக்குக் குத்தி, ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். மேலிருந்து 4, 5 சென்டிமீட்டர் வரை குச்சி காய்ந்து வெளிறியிருந்து, நுனி மட்டும் லேசாக நிறம் மாறியிருந்தால் தண்ணீர் ஊற்றும் நாள் அதுதான். ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தால் இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

இன்னொரு வழி தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. நீர் ஊற்றியதும் ஒருமுறை தூக்குங்கள், காய்ந்தபின் ஒருமுறை தூக்குங்கள். மூன்று நான்கு தடவையில் கை கற்றுக்கொள்ளும். அப்புறம் குச்சி தேவைப்படாது.

ஊற்றும்போது அரைகுறையாக ஊற்றாதீர்கள். மேல் முழுக்கச் சுற்றிச் சுற்றி மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே வழியும் வரை விடுங்கள். தினம் ஒரு தம்ளர் என்று ஊற்றினால் மேல் மண் எப்போதும் ஈரம், அடி வேருக்கு எப்போதும் வறட்சி. உரத்தின் உப்பும் வெளியேறாமல் தங்கிவிடும். அரை மணிநேரம் கழித்துத் தட்டில் நிற்கும் நீரைக் கொட்டிவிடுங்கள்.

ஊற்றிய நீர் உடனே சர்ரென்று அடியில் ஓடிவிட்டால் நனைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அளவுக்கு மீறிக் காய்ந்த கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவை தண்ணீரை உடனே ஏற்காது, தொட்டிச் சுவரை ஒட்டி நீர் நழுவிப் போய்விடும். அப்படிப்பட்ட நாளில் தொட்டியை ஒரு வாளி நீரில் 20, 30 நிமிடம் பாதி மூழ்க வைத்து எடுங்கள்.

இப்போது என் முதல் செடியின் கதை. இலைகள் தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று ஊற்றினேன். இன்னும் தொங்கின. இன்னும் ஊற்றினேன். கடைசியில் தொட்டியைக் கவிழ்த்தபோது வேர்கள் பழுப்பாக இருந்தன. பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. வாடை வேறு. மண்ணின் இடைவெளியில் காற்றுக்குப் பதில் நீர் நின்றால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது, வேர் சாகும். செத்த வேர் தண்ணீரை இழுக்காது. அதனால் ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். வாடிய செடியைக் கண்டதும் குவளையை எடுக்காமல் முதலில் குச்சியை எடுங்கள்.

வேர் அழுகியது உறுதியானால், செடியை வெளியே எடுத்து வேரைக் கழுவி, கொழகொழத்ததை எல்லாம் வெட்டி, வெள்ளையாகக் கெட்டியாக இருப்பதை மட்டும் வையுங்கள். மிஞ்சிய வேருக்கு ஏற்ற சிறிய தொட்டியில் புதுக் கலவையில் நடுங்கள். பழைய பெரிய தொட்டிக்கே திரும்பினால் அதே கதைதான்.

5. மண்ணும் தொட்டியும்

வேர் அழுகல் தவிர, தொட்டி மாற்ற வேறு காரணங்கள் இரண்டுதான். துளை வழியே வேர் வெளியே எட்டிப் பார்ப்பது, அல்லது தண்ணீர் இரண்டே நாளில் காய்ந்துபோவது. இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும், அதுவும் வளர்ச்சி வேகமாக இருக்கும் வெதுவெதுப்பான மாதங்களில்.

புதிய தொட்டி பழையதைவிட 3 முதல் 5 சென்டிமீட்டர் மட்டுமே அகலமாக இருக்கட்டும். வேர் எட்டாத மண்ணில் உள்ள ஈரத்தை யாரும் குடிப்பதில்லை. அது நின்றுகொண்டே இருக்கும், அழுகல் அங்கேதான் தொடங்கும்.

நான் பயன்படுத்தும் கலவை: கழுவிய கோகோபீட் 2 பங்கு, விரல்நக அளவு மரப்பட்டைத் துண்டு 2 பங்கு, பெர்லைட் (காற்றோட்டத்துக்காகச் சேர்க்கும் லேசான வெள்ளைக் கல்துகள்) 1 பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. காட்டில் இது மரத்தைப் பற்றி ஏறும் கொடி. அதன் வேர்கள் காற்றோட்டத்துக்குப் பழகியவை. கையில் அள்ளிப் பிசைந்து விட்டால் உதிர வேண்டும், உருண்டையாக நின்றால் இன்னும் மரப்பட்டை சேருங்கள். வெறும் தோட்டத்து மண் தொட்டிக்குள் இறுகிவிடும். கோகோபீட்டைக் கழுவச் சொல்வது, அதில் உப்பு இருக்கலாம் என்பதால்.

அடியில் கூழாங்கல் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நுண்ணிய கலவையிலிருந்து பெரிய இடைவெளி உள்ள கல்லுக்கு நீர் சுலபமாக இறங்காது. கல்லுக்கு மேலேயே தேங்கும், அதாவது வேருக்கு இன்னும் அருகில். துளையை மறைக்க ஒரு துண்டு வலை போதும்.

செடியை எடுத்ததும் வேரை உதறிச் சுத்தமாக்க வேண்டாம். சுற்றிச் சுற்றி ஓடிய வேர்களை விரலால் லேசாகத் தளர்த்தினால் சரி. பழைய தொட்டியில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம். தண்டைப் புதைத்தால் அழுகும்.

6. கம்பம்

கம்பத்தைத் தொட்டி மாற்றும் நாளிலேயே நடுங்கள். பிறகு குத்தினால் வேர் அறுபடும்.

இந்தச் செடிக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. இலைகள் முகம் காட்டுவது முன்பக்கம், தடித்த காற்றுவேர்கள் கிளம்புவது பின்பக்கம். கம்பம் பின்பக்கத்தில், தண்டை ஒட்டி வர வேண்டும். செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து இதைக் கண்டுபிடித்த பிறகே மண் போடுங்கள்.

தண்டை மட்டும் மென்மையான நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். பலர் இலைக்காம்பைக் கட்டிவிடுகிறார்கள். காம்பு வெளிச்சத்தைத் தேடி இலையைத் திருப்ப வேண்டியது, அதைக் கட்டினால் முறுக்கிக்கொண்டு ஒடியும்.

பாசி சுற்றிய கம்பம் என்றால் பாசியை ஈரமாக வைத்திருங்கள். காய்ந்த பாசிக்குள் வேர் நுழையாது, அப்போது அது வெறும் குச்சிதான். கம்பத்தைப் பற்றி ஏறும் செடியின் இலை ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிதாக வரும். காற்றுவேர் அசிங்கமாக இருக்கிறது என்று வெட்டுபவர்கள் உண்டு. செடி சாகாது, ஆனால் ஏறுவதற்கான கையை வெட்டுகிறீர்கள். தொட்டிக்கு வெளியே நீண்டால் மண்ணுக்குள் திருப்பிவிடுங்கள்.

7. உரம்

புது இலை வந்துகொண்டிருக்கும் மாதங்களில் மட்டும், மாதம் ஒருமுறை. 20-20-20 போன்ற, அதாவது தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள சமச்சீர் திரவ உரம், பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி, ஈர மண்ணில். காய்ந்த மண்ணில் ஊற்றினால் உப்பு வேரைச் சுடும். தொட்டி மாற்றிய பிறகு ஆறு வாரம் வேண்டாம். நோயுற்ற செடிக்கு அறவே வேண்டாம்.

8. ஈரப்பதமும் தூசியும்

தினமும் இலைமேல் நீர் தெளிப்பது பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். சில நிமிடத்தில் காற்றின் ஈரம் பழைய நிலைக்கு வந்துவிடும். 50, 60 சதவீதம் இருந்தால் செடி மகிழும், அதற்குக் கீழேயும் சமாளிக்கும். செடிகளைக் கூட்டமாக வைப்பதோ ஒரு ஈரப்பதமூட்டியோ உண்மையில் உதவும்.

தூசி வேறு விஷயம். அது வெளிச்சத்தை மறைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு கையை இலைக்கு அடியில் ஏந்திக்கொண்டு ஈரத்துணியால் துடையுங்கள். அதே கையோடு பூச்சியும் பார்த்துவிடலாம். பளபளப்புத் திரவமோ எண்ணெயோ இலைத்துளைகளை அடைக்கும். சுருட்டிய பாய் போல வெளியே வரும் குருத்தைத் தொடவே வேண்டாம். பிரித்துவிட உதவுகிறேன் என்று இழுத்தால், கிழிந்த தழும்போடுதான் அந்த இலை கடைசிவரை இருக்கும்.

9. இலை சொல்வதைப் படித்தல்

அடி இலை ஒன்று மட்டும் மெல்ல மஞ்சளானால் வயது. ஒரே நேரத்தில் பல இலைகள் மஞ்சளாகி மண்ணும் ஈரமாக இருந்தால் நீர் அதிகம். ஓரம் மொறுமொறுவென்று பழுப்பானால் வறட்சி அல்லது உர உப்பு. மஞ்சள் வளையம் சூழ்ந்த, மிருதுவான கரும்பழுப்புத் திட்டு என்றால் வேரைப் பாருங்கள். காம்புகள் நீண்டு, இலைகள் சிறுத்து, இடைவெளி கூடினால் வெளிச்சக் குறைவு.

காலையில் இலை நுனியில் நீர்முத்து நின்றால் அது நோயில்லை. இரவில் வேர் இழுத்த உபரி நீரை இலை வெளியே தள்ளுகிறது. பயந்துபோய் மருந்து தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எது செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று வாரம் காத்திருங்கள். இடம், நீர், உரம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், செடி தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது. பழைய இலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அடுத்து வரும் இலையைப் பாருங்கள்.

10. போத்து வைத்தல்

தண்டில் ஒரு துண்டை வெட்டி, வேர்விடச் செய்து புதுச் செடியாக்குவதுதான் போத்து வைப்பது. செடி உயர்ந்து, கணுக்கள் நன்றாகத் தெரிந்த பிறகே இதில் இறங்குங்கள். கணு என்பது தண்டில் இலைக்காம்பு சேரும் இடத்தில் வளையம் போலத் தெரியும் தடிப்பு. புதுத் தளிரின் மொட்டு அங்கேதான் இருக்கிறது. இலையும் காம்பும் மட்டும் வெட்டித் தண்ணீரில் வைத்தால் மாதக்கணக்கில் பச்சையாக இருக்கும், சில நேரம் வேர்கூட விடும், ஆனால் செடியாகவே ஆகாது. நடப்பதில் பத்துக்கு எட்டு தப்பு இதுதான் என்று தோன்றுகிறது.

ஒரு கணு, ஒரு இலை, முடிந்தால் ஒரு காற்றுவேர் மூன்றும் உள்ள துண்டைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பிரிட்டால் துடைத்த கத்தரியால் கணுவுக்கு 2, 3 சென்டிமீட்டர் கீழே வெட்டுங்கள். வெட்டுவாய் உலர சில மணிநேரம் நிழலில் வையுங்கள். ஈரக் காயத்தோடு தண்ணீரில் போனால் அழுகல் சுலபமாக நுழையும்.

கணு நீரில் மூழ்கி, இலை வெளியே இருக்கட்டும். வெளிச்சமான இடம், நேர் வெயில் வேண்டாம். வாரம் ஒருமுறை நீரை மாற்றுங்கள், கலங்கினால் அன்றே மாற்றுங்கள். இரண்டு முதல் ஆறு வாரத்தில் வெள்ளை வேர் தலைகாட்டும்.

வேர் 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆகி, அதில் கிளைவேர் பிரியத் தொடங்கியதும் மண்ணுக்கு மாற்றுங்கள். இன்னும் நீளட்டும் என்று விட்டால், தண்ணீருக்குப் பழகிய நீண்ட வேர் மண்ணுக்கு மாறத் திணறும். முதல் இரண்டு வாரம் கலவையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஈரமாக வைத்து, பிறகு மெல்ல மெல்லக் குச்சிக் கணக்குக்குக் கொண்டுவாருங்கள்.

தாய்ச்செடி மொட்டையாக நிற்பதைப் பார்த்து வருந்த வேண்டாம். வெட்டுக்குக் கீழுள்ள கணுவிலிருந்து சில வாரங்களில் புதுக் குருத்து முட்டும். அதுவரை அதற்கு இலை குறைவு, குடிக்கும் நீரும் குறைவு. ஊற்றும் இடைவெளியை நீட்டிக்கொள்ளுங்கள்.